பன்னிரண்டு தவறான படங்கள்

மாணவர்களுக்கான புகைப்படக் கையேடு ஒன்றுக்குப் பக்கம் அமைத்துத் தர முடியுமா என்று அந்த ஆசிரியர் தொலைபேசியில் கேட்டபோது உடனே சரி என்றேன். எனக்குப் புகைப்படக் கலை தெரியாது. கைத்தொலைபேசியில் எடுப்பதோடு சரி. ஆனால் புத்தகம் தமிழில் எழுதப்படுகிறது என்று அவர் சொன்னதும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

புத்தக வடிவமைப்பு என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதிதான் என் அலுவலகம். எனக்கு வரும் தமிழ் வேலைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் முழுதாக வடிவமைத்து முடித்த ஒன்றை அனுப்பி, அதே பெட்டிகளுக்குள் தமிழ் மொழிபெயர்ப்பைப் போட்டுத் தரச் சொல்வார்கள். தமிழ் அந்தப் பெட்டிகளுக்குள் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்குவேன், வரிகளை நெருக்குவேன், கடைசியில் யாராலும் படிக்க முடியாத ஒன்று அச்சாகி வரும். தமிழிலேயே யோசித்து, தமிழுக்கென்றே பக்கத்தை அளந்து ஒரு புத்தகம் செய்ய எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

ஆசிரியர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். புக்கிட் பாத்தோக்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார். பள்ளி முடிந்தபின் மாணவர்களின் புகைப்படக் குழுவையும் அவர்தான் நடத்துகிறார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சிராங்கூன் சாலைப் பக்கம் துணி வியாபாரம் செய்கிறது. இவர் மட்டும் கடைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அவர் என்னை அக்கா என்பார். வயதில் சிறியவரானாலும் ஆசிரியர் என்பதால் நான் சார் என்பேன்.

சனிக்கிழமை காலைகளில் லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடியில் சந்திப்போம். அவர் முதலில் வந்து மேசையை டிஷ்யூவால் மூன்று முறை துடைத்து வைத்திருப்பார். "எண்ணெய் பட்டா உங்க பக்கம் போச்சுக்கா" என்பார். இரண்டு தே தாரிக் தேநீர் சொல்லிவிட்டு, அச்சிட்ட பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

சண்டை பெரும்பாலும் சொற்களைப் பற்றித்தான். கேமராவுக்குள் ஒளியை விடும் திறப்புக்கு அவர் 'துளை' என்று எழுதியிருந்தார். குழுவில் ஒரு மாணவன் அதைப் படித்துவிட்டு, "சார், கேமரா ஓட்டையா சார்?" என்று கேட்டானாம். அப்படியென்றால் அப்பர்ச்சர் என்றே போட்டுவிடலாம் என்றேன் நான்.

"தமிழ் வாத்தியார் எழுதின புக்குல அப்பர்ச்சர்னு இருந்தா என்னைப் பத்தி என்ன சொல்வாங்க?"

"பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிச்சுன்னு சொல்வாங்க."

இரண்டு வாரம் இழுத்து, கடைசியில் 'கண்திறப்பு' என்று முடிவானது. ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் ஷட்டராகவே இருந்துவிட்டது. அதற்கு அவர் கண்டுபிடித்த தமிழ்ச் சொல் ஒரு வரி முழுவதும் நீண்டது. "இதை வரி முடிவுல எங்கே உடைக்கிறது சார்?" என்று நான் கேட்டதும் அவரே சிரித்து அதை அடித்துவிட்டார்.

அவர் மூலப்படியைப் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்தார். அதைப் புதிய எழுத்துருவுக்கு மாற்றியபோது கொம்புகள் எல்லாம் தனித்தனியாகக் கழன்று விழுந்தன. 'கொண்டு' என்ற சொல்லில் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் மீதி எழுத்துகள் அடுத்த வரியிலும் நின்றன. அறுபத்து நான்கு பக்கங்களையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் திருத்தினேன். சலிப்பாக இருக்கவில்லை. ஒரு பாடத்தை அவ்வளவு மெதுவாகப் படித்தால் அது நமக்கும் வந்துவிடுகிறது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று நான் வீட்டில் பார்க்கத் தொடங்கினேன்.

கேமராவை எப்படிப் பிடிப்பது என்பதற்குப் படங்கள் தேவைப்பட்டன. அலுவலகம் முடிந்து வந்த என் கணவரைச் சமையலறைச் சன்னல் அருகே நிறுத்தி வைத்தோம். இடது உள்ளங்கை லென்சுக்கு அடியில், முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டி. ஆசிரியர் படம் எடுக்க, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் தெரியாது, கைகள் மட்டும்தான் என்று சொன்ன பிறகும் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தார்.

புத்தகம் உட்கார்ந்து படிப்பதற்கானது அல்ல, வெளியே நின்றபடி ஒரு கையில் புரட்டுவதற்கானது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அது எப்படி என்று பார்க்க ஒரு சனிக்கிழமை குழுவோடு நானும் தேக்கா சந்தைக்குப் போனேன். பன்னிரண்டு பேர். பள்ளி கேமராக்கள் ஆறு. இருவருக்கு ஒன்று. பஃபலோ சாலையில் காய்கறிக் கடைகளுக்கு நடுவே எல்லோரும் கண்ட இடத்தில் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் பூக்கட்டும் அம்மாவின் முன்னால் போய் நின்று, "ஆன்ட்டி, உங்களைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்டாள். உயர்நிலை மூன்றில் படிப்பவள். மெல்லிய குரல்.

"கையைப் படம் எடு லா. மூஞ்சி வேணாம், இன்னைக்குத் தலைகூட சரியா வாரல" என்றார் பூக்கட்டுபவர்.

அவள் குனிந்து, வெகுநேரம் பார்த்து, ஒரே ஒரு படம் எடுத்தாள். கேமராவை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, புத்தகத்தின் ஓரத்தில் கட்டை விரல் வைக்க இடம் வேண்டும், இல்லையென்றால் விரல் எழுத்தை மறைக்கும் என்றாள். அன்று மாலையே வெளி ஓரத்தை ஆறு மில்லிமீட்டர் அகலப்படுத்தினேன்.

ஐந்தாவது அத்தியாயத்தின் தலைப்பு 'தவறுகள்'. அதற்காக ஆசிரியர் ஒரு கோப்புறையில் பன்னிரண்டு படங்களை அனுப்பியிருந்தார். குழு மாணவர்கள் முந்தைய ஆண்டு செய்த பயிற்சிகளிலிருந்து எடுத்தவை. பெயர் கிடையாது, எண்கள் மட்டும். தலை வெட்டுப்பட்ட படம், பின்னாலிருந்து வெயில் அடித்து முகம் கறுத்த படம், கம்பம் ஒன்று தலையிலிருந்து முளைத்தது போன்ற படம், கை நடுங்கிக் கலங்கிய படம். எதனால் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதியிருந்தார்.

அவற்றை எதிரெதிர்ப் பக்கங்களில் ஆறு ஆறாக அடுக்கினேன். பார்த்தவுடன் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு படத்தின் மேலும் மூலைக்கு மூலை ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டேன். அது என் யோசனைதான். ஆசிரியர் கேட்கவில்லை. பக்கம் சுறுசுறுப்பாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவரும் நன்றாக இருக்கிறது என்றார்.

அச்சுக்கு அனுப்புமுன் மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். பன்னிரண்டு மாதிரிப் படிகளைக் கட்டி அனுப்பினேன். புரியாத இடத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள், பிடிக்காததை அடியுங்கள் என்று முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஒரு வாரத்தில் அவை திரும்பி வந்தன.

மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன்கள் பெரும்பாலும் எதையும் படிக்கவில்லை. என் கணவரின் கைகளுக்கு ஒருவன் நகச்சாயம் பூசியிருந்தான். ஒருத்தி ஒற்றுப்பிழை மூன்றைக் கண்டுபிடித்திருந்தாள், எனக்கு வெட்கமாகிவிட்டது. எட்டாவதோ ஒன்பதாவதோ படியைப் புரட்டியபோது, தவறுகள் அத்தியாயத்தில் ஒரு படத்தில் மட்டும் சிவப்புக் குறியைக் காணவில்லை.

அச்சுக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பிள்ளைகள் எழுத்தைத் திருத்தப் பயன்படுத்தும் வெள்ளைத் திருத்த நாடாவை அந்தச் சிவப்புக் கோடுகளின் மேல் ஒட்டியிருந்தார்கள். நாடா ஐந்து மில்லிமீட்டர் அகலம். என் கோடு இரண்டுதான். அதனால் நாடாவை நீளவாக்கில் கத்தரித்து, மெல்லிய துண்டுகளாக வைத்து, அடியில் இருந்த முகத்தில் கொஞ்சமும் படாமல் ஒட்டியிருந்தார்கள். கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் அந்த மனிதரின் கன்னத்தில் விழுந்திருந்தது. அங்கே மட்டும் நாடா இல்லை. சிவப்பு மையை ஏதோ முனையால் சுரண்டி எடுத்திருந்தார்கள். காகிதம் அங்கே பஞ்சுபோல எழும்பியிருந்தது.

ஏழாம் எண் படம். சமையலறைபோல ஓரிடத்தில், பஸ் ஓட்டுநரின் சீருடையில் ஒருவர், கையில் குவளையோடு பக்கவாட்டில் திரும்புகிறார். வாயும் கன்னமும் இரண்டு மூன்றாக இழுபட்டுத் தெரிகின்றன. கீழே ஆசிரியரின் வரி: 'மெதுவான ஷட்டர். ஆள் அசைந்துவிட்டார். படம் வீணானது.'

"யாரோ என் டிசைன் பிடிக்காம இப்படிப் பண்ணியிருக்காங்க பாருங்க" என்று கணவரிடம் சிரித்துக்கொண்டே நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். உடனே திருப்பித் தரவில்லை.

"டிசைன் பிடிக்கலன்னா பன்னிரண்டையும்ல அழிச்சிருக்கணும்? ஒண்ணை மட்டும் அழிச்சிருக்காங்க. அதுவும் எவ்ளோ பொறுமையா."

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தார்.

"என் தப்புக்கா. நான் பார்த்திருக்கணும். நம்பரை மட்டும் பார்த்து எடுத்துட்டேன். அது அந்தப் பிள்ளையோட அப்பா."

"எந்தப் பிள்ளை?"

"தேக்காவுல பூக்கடையில ஒரே ஒரு படம் எடுத்தாளே, அவதான்."

'வீட்டில் ஒருவர்' என்று அவர் முந்தைய ஆண்டு கொடுத்த பயிற்சி அது. அவள் எடுத்து மூன்று மாதத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கை, கால், முகம் மூன்றும். இப்போது மெல்ல நடக்கிறார், பேச்சும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பஸ் ஓட்டுவதில்லை. அப்பாவுக்கு உடல்நலம் இல்லை என்று ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் கலங்கிய அந்த முகம் அவருடையது என்று தோன்றவில்லை.

அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கோப்பைத் திறந்து அந்தச் சிவப்புக் கோடுகளை அழித்தேன். அழிப்பதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும். அந்தப் பெண் கத்தரிக்கோலோடு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். என் கண் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. அளவு பார்த்தேன், இடைவெளி பார்த்தேன், தவறு எது என்று பார்த்தேன். அவர் சிரிக்கிறார் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்குப் போனேன். பள்ளி உணவகத்தில் மாணவர்கள் கலைந்துபோயிருந்தார்கள். ஆசிரியர் அவளை அழைத்து வந்து உட்காரவைத்துவிட்டு, சற்றுத் தள்ளி அடுத்த மேசையில் இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"சாரி ஆன்ட்டி. புக்கைக் கெடுத்துட்டேன்."

"நான்தாம்மா சாரி சொல்லணும். உங்க அப்பா முகத்துல கோடு போட்டது நான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கைகளை மேசைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"அந்தப் படத்தை எடுத்துடறேன்" என்றேன். "வேற ஒண்ணு போட்டுக்கலாம். யாருக்கும் தெரியவேணாம்."

"வேணாம்" என்று சட்டென்று நிமிர்ந்தாள். "எடுக்காதீங்க ஆன்ட்டி. அது ப்ளர்தான். எனக்குத் தெரியும். ஷட்டர் ஸ்பீடு ஒன் பை எய்ட்ல வச்சிட்டேன், லைட் பத்தல. ஆனா தப்பு இல்ல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அப்பா படத்துக்குச் சிரிக்கவே மாட்டாராம். கல்யாணப் படத்தில்கூட பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நிற்பாராம். அன்றைக்கு வேலை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் எதற்கோ திரும்பிச் சிரித்தார், அவள் அழுத்திவிட்டாள். அவர் சிரிக்கிற படம் வீட்டில் அது ஒன்றுதான்.

"அப்பா பார்த்தாரா?"

இல்லை என்று தலையசைத்தாள். "காட்டல. பழைய மூஞ்சியப் பார்த்தா அழுவாருன்னு பயமா இருக்கு. அம்மாகிட்டயும் காட்டல. என் ஃபோன்லதான் இருக்கு."

ஆசிரியர் எழுந்து எங்கள் மேசைக்கு வந்தார். அப்பாவின் அனுமதி இல்லாமல் அந்தப் படத்தைப் புத்தகத்தில் போட முடியாது, கேட்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யலாம், அவசரம் ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னார். அந்த வார இறுதியில் அவரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறாள்.

புக்கிட் பாத்தோக்கில் ஒன்பதாவது மாடி. வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி, பக்கத்தில் சாய்த்து வைத்த ஊன்றுகோல். அம்மா வாங்க வாங்க என்று உள்ளே அழைத்தார். அப்பா சோபாவில் சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். இடது கையை உயர்த்தி வணக்கம் என்பதுபோலக் காட்டினார். வலது கன்னமும் வாயோரமும் இறங்கியிருந்தன.

ஆசிரியர் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். சிவப்புக் கோடு போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் காப்பித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சமையலறை வாசலில் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு, கோடு இல்லாமல் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்த படத்தை அவரிடம் நீட்டினேன்.

இடது கையால் வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்ப, அம்மா குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவரும் அப்போதுதான் பார்க்கிறார். அப்பா இடது கையைத் தூக்கித் தன் வலது கன்னத்தைத் தொட்டார். அப்படியே வைத்திருந்தார். மகள் எங்களைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்…னத்துக்கு" என்றார். அடுத்த சொல்லுக்கு நேரம் எடுத்தது. "சிரிச்சேன்?"

அம்மா யோசித்தார். "எனக்கு எப்படித் தெரியும்… இருங்க. அன்னைக்கு மீன் குழம்புக்கு ரெண்டு தடவை உப்பு போட்டேனே, அது இல்ல? நான் உள்ளேருந்து கத்தினேன், உங்க தங்கச்சியும் ஒரு தடவை போட்டுட்டுப் போயிருக்கா, மூணு தடவையாச்சுன்னு. நீங்கதான் அப்போ, கடல்லயே விட்டிருக்கலாமே, மீனு சந்தோஷமா இருந்திருக்கும்னு சொல்லிச் சிரிச்சீங்க."

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நான் பதறி எழுந்தேன். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் மூக்கு வழியாக வந்தது. இடது பக்கம் மேலே ஏறி, வலது பக்கம் அப்படியே இருந்தது. கண்கள் இரண்டும் சிரித்தன. மகள் திரும்பி ஓடி வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"போடு… ங்க" என்றார் என்னிடம். "நல்… லா பெருசா போடுங்க."

திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் ஆசிரியரும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தோம். ஜூரோங் ஈஸ்டில் ரயில் மாறுவதற்குள் அத்தியாயம் மாறிவிட்டது. மற்றப் பதினோரு படங்களுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் எடுத்தவர்களையே கேட்பது என்று முடிவு செய்தோம். பெருக்கல் குறிகள் போகட்டும். ஒவ்வொருவரும் தாங்கள் எடுக்க நினைத்தது என்ன, வந்தது என்ன, ஏன் அப்படி வந்தது என்று எழுதட்டும். அடுத்த முறை மாற்ற விரும்பினால் என்ன செய்யலாம் என்பதை ஆசிரியர் கீழே சேர்ப்பார். தலைப்பு 'நினைத்ததும் வந்ததும்' என்றானது.

பிள்ளைகள் எழுதி அனுப்பியவற்றைப் பக்கத்தில் ஏற்றும்போது நான் பலமுறை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். தலை வெட்டுப்பட்ட படத்தை எடுத்தவன், அண்ணன் ராணுவத்தில் தேசிய சேவைக்குப் போகும் முதல் நாள், மொட்டையடித்த தலையை எடுக்காதே என்று சொன்னதால் வேண்டுமென்றே வெட்டினேன் என்று எழுதியிருந்தான். கம்பம் முளைத்த படத்தை எடுத்தவள், கம்பத்தைப் பார்க்கவே இல்லை சார், பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான் என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதையும் அப்படியே போடச் சொன்னார்.

ஆனால் இரண்டு பக்கமாக இருந்தது ஆறு பக்கமாகிவிட்டது. அச்சுத்தாளை மடித்து வெட்டும் கணக்கில் புத்தகத்தின் பக்கங்கள் பதினாறு பதினாறாகத்தான் கூட முடியும். நான்கு பக்கத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். நான்கு பக்கத்தில் இருந்தது ஓர் அத்தியாயம்தான். கேமராவின் வரலாறு. ஆசிரியர் நூலகங்களில் உட்கார்ந்து ஆசை ஆசையாக எழுதியது. புத்தகத்திலேயே அழகான தமிழ் அதில்தான் இருந்தது. நான் அதைச் சொல்லத் தயங்கி, பக்கக் கணக்கை மட்டும் எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது.

'வரலாற்றை எடுத்துடுங்க அக்கா. பிள்ளைங்க அதைப் படிக்காம தாண்டிட்டாங்கன்னு மாதிரிப் படியிலேயே பார்த்தேன். சொல்ல மனசு வரல.'

அச்சடித்த நாளன்று நானே அச்சகத்துக்குப் போனேன். இயந்திரத்திலிருந்து வந்த முதல் தாள்களில் அப்பாவின் முகம் கரியாக இருந்தது. எங்கள் நிறத்து முகங்களுக்கு அச்சில் அடிக்கடி நடப்பதுதான். திரையில் வெதுவெதுப்பான மாநிறமாக இருப்பது தாளில் கறுப்பு மை ஏறி அணைந்துவிடும். கலங்கிய படம் வேறு, சிரிப்பே தெரியவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சீனர் தாளை விளக்கடியில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தார்.

"யுவர் ஃபாதர் ஆ?"

இல்லை, ஒரு மாணவியின் அப்பா என்றேன். அவர் சிரிக்க வேண்டும், அதுதான் முக்கியம் என்றேன். அச்சகக்காரர் போய்க் கறுப்பைக் குறைத்தார். தாளை எடுத்தார், பார்த்தார், தலையசைத்து மறுபடி குறைத்தார். நான்காவதோ ஐந்தாவதோ தாளில் கன்னம் மேலெழுந்து வந்தது. "ஐயோ, அங்கிள் சோ ஹேப்பி லா" என்று அவரே சத்தமாகச் சிரித்தார்.

வெளியீடு என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு புதன்கிழமை பிற்பகல் பள்ளி நூலகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கறிப்பாப் பலகாரமும் ரோஸ் சிரப் பானமும் வைத்திருந்தார்கள். பெற்றோர் சிலர் வந்தார்கள். என் கணவர் அரை நாள் விடுப்பு எடுத்து வந்து, பதினோராம் பக்கத்தைத் திறந்து அருகில் இருந்தவரிடம் தன் கைகளை ஒப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஊன்றுகோலோடு வந்தார். மகள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பஸ் சீருடையைப் போல நன்றாக இஸ்திரி போட்ட சட்டை.

ஆசிரியர் பேசி முடித்ததும் மாணவர்கள் புத்தகத்தில் கையெழுத்து வாங்க எழுந்தார்கள். அவரிடம் போவார்கள் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போய், அப்பாவின் நாற்காலி முன்னால் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அதில் அவர் நல்ல பெரியதாக இருந்தார். கீழே மகளின் வரிகள்: 'அப்பாவை நேராக உட்காரவைத்து எடுக்க நினைத்தேன். ஷட்டர் திறந்திருந்தபோது சிரித்துவிட்டார். எதையும் மாற்ற விரும்பவில்லை.'

அவர் என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். மருத்துவமனைப் பயிற்சியில் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று அம்மா என்னிடம் சொன்னார். மகள் புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினார். ஒரு கையெழுத்துக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. மகளைத் தவிரப் பதினோரு பேர் இருந்தார்கள். கைத்தொலைபேசியை எடுக்காமல் எல்லோரும் நின்றார்கள். ஆசிரியரும் பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

என் முறை வந்தபோது அப்பா பேனாவை மடியில் வைத்துவிட்டு இடது கை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

"போதும்ங்க, கை வலிக்கப்போவுது" என்றார் அம்மா.

"ஒண்… ணு" என்றார் அவர். "இவங்களுக்கு… ஒண்ணு."

என் புத்தகத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதினார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. எழுதியதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பேனாவை மகளிடம் கொடுத்துவிட்டு, கறிப்பாப் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.